மருந்து வாங்க வந்தவர் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணலாமா? ஏரல் பக்கம் முகாமுக்குப் போய் வந்த குழப்பம்

தேரிக்காட்டுப் பெண் | 29 டிசம்பர் 2023, இரவு 10.12

மதுரையில் நர்ஸாக இருக்கிறேன். பிறந்தது தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் பக்கம். இந்த மாதம் 17, 18 தேதிகளில் அங்கே மழை கொட்டி வெள்ளம் வந்தபோது டியூட்டியில் இருந்தேன், அம்மாவுக்கு மூன்று நாள் போன் போகவில்லை. அந்த மூன்று நாளும் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். அதனால் எங்கள் சபை வாலிபர் குழு "மருத்துவ முகாம் போகிறோம், வருகிறாயா" என்று கேட்டதும் யோசிக்காமல் கிளம்பிவிட்டேன்.

26-ஆம் தேதி போனோம். பதினோரு பேர், அதில் இரண்டு டாக்டர்கள். ஏரல் பாலத்தில் போக முடியாததால் சுற்றிச் சுற்றித்தான் ஊரைப் பிடித்தோம். ரேஷன் கடைத் திண்ணையில் மேஜை போட்டோம். கையையோ நெஞ்சையோ காட்டினவர்கள் குறைவு, எல்லோரும் காலைத்தான் காட்டினார்கள். ஒரு வாரம் சேற்றிலேயே நின்ற கால்கள், விரலிடுக்கெல்லாம் வெளுத்துப் பிளந்திருந்தன. ஒரு பெரியம்மா, "சீனிக்கு வெள்ளை மாத்திரை ஒண்ணு, ரோஸ் மாத்திரை ஒண்ணு சாப்பிடுவேன், சீட்டு ஆத்தோட போச்சு" என்றார். அந்த ரோஸ் மாத்திரை எது என்று கண்டுபிடிக்க டாக்டருக்குப் பத்து நிமிஷம் ஆனது.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார், ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். எல்லோரும் அங்கிள் என்போம். இடுப்பளவு சேற்றில் மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தது அவர்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மதியத்துக்கு மேல் நான் ஒரு ஆச்சியின் கால் புண்ணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அங்கிள் வந்து ஆச்சியின் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, இந்த மகளுடைய சர்க்கரை வியாதியை" என்று சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார். ஆச்சி கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். ஆச்சியின் மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கேட்டார்: "மருந்து குடுக்க வந்தீகளா, வேதத்துல சேக்க வந்தீகளா?" எங்கள் பக்கம் வேதம் என்றால் கிறிஸ்தவம்.

வரிசையில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். பேச்சு நின்றுவிட்டது. ஐந்தாறு பேர் மருந்து வாங்காமலே போய்விட்டார்கள். அதில் ஒருவருக்குக் கண் சிவந்திருந்தது, காய்ச்சல், கெண்டைக்கால் வலி என்று முன்னால் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எலிக் காய்ச்சலாக இருக்குமோ என்று நினைத்து அடுத்து அவரைத்தான் கூப்பிடுவதாக இருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆள் இல்லை.

மூன்று நாளாகத் தூக்கம் வரவில்லை. அங்கிள் செய்தது தப்பா? தப்பு என்றால் எந்த இடத்தில் தப்பு? சண்டை வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள்.

---

பனங்காட்டு வாத்தியார் | 29 டிசம்பர், இரவு 11.05

முதலில் நன்றிம்மா. எனக்கும் அந்தப் பக்கம்தான், இந்துக் குடும்பம். உங்களைப் போல வந்தவர்கள் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு இணையான மழை காயலில் ஒரு பகல் ஒரு ராத்திரியில் இறங்கியது. அரசாங்கம் வந்து சேரும் முன்னால் அக்கம்பக்கத்து ஆட்கள்தான் வந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டபோது புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியை வைத்துத்தான் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. ஜெபத்தின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடு வேதக்கார வீடு, கிறிஸ்துமஸ் பலகாரம் வராத வருஷம் கிடையாது. ஆனால் ஆச்சியின் கால் உங்கள் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் "வேண்டாம்" என்று அவர் எப்படிச் சொல்வார்? சொன்னால் கட்டுப் போடாமல் போய்விடுவீர்களோ என்ற பயம் வரும். போக மாட்டீர்கள், சரி. அது அவருக்குத் தெரியாதே.

இன்னொன்று. தாது வருஷப் பஞ்சத்தில், 1877 வாக்கில், திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கில் வேதத்தில் சேர்ந்தார்கள். மிஷன்காரர்கள் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றினார்கள் என்பது உண்மை. "கஞ்சிக்குச் சேர்ந்தவன்" என்ற பேச்சு அதற்குப் பின் மூன்று தலைமுறைக்கு ஓடியதும் உண்மை. என் தாத்தா காலத்தில்கூடக் கல்யாணச் சண்டைகளில் அந்த வார்த்தை வந்து விழுமாம். பஞ்சம், வெள்ளம் என்றால் இங்கே அந்தப் பழைய கணக்கு தானாகவே எழுந்துவிடுகிறது. பிழைக்கச் சேர்ந்தவர்களும், மனசோடு சேர்ந்தவர்களும் ஒரே பேச்சைத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

---

அப்பாவி அல்லேலூயா | 30 டிசம்பர், காலை 6.40

அக்கா, மனசு கஷ்டப்படாதீங்க. அங்கிள் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஜெபம்தானே செய்தார்! அதற்கே இந்தப் பாடா? "வியாதியுள்ளவர்களைச் சொஸ்தமாக்குங்கள்" என்றுதான் எங்களுக்குக் கட்டளை. மருந்தை மட்டும் நீட்டிவிட்டு வரவேண்டும் என்றால் ஆம்புலன்ஸ் போதும், சபை எதற்கு?

எங்கள் வீட்டிலும் தண்ணீர் கழுத்துவரை வந்தது. மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி இருந்தோம். எங்களைத் தாங்கியது ஜெபம்தான். எனக்குக் கிடைத்ததைப் பக்கத்து ஆளுக்கும் கொடுக்க நினைப்பது குற்றமா?

---

கருஞ்சட்டை 64 | 30 டிசம்பர், காலை 9.18

குற்றம்தான். துன்பத்தில் இருப்பவன் யார் எதைக் கொடுத்தாலும் வாங்குவான், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். அந்த நேரம் பார்த்துக் கடவுளை விற்பது வியாபாரம். எல்லா மதத்துக்கும் இதைச் சொல்கிறேன், கட்சிகளுக்கும் சேர்த்து. 2015 சென்னை வெள்ளத்தில் நிவாரணப் பொருள் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய கூத்தை மறந்துவிட்டோமா? ஸ்டிக்கரைக் கிழித்துவிடலாம். இது உள்ளே ஒட்டுகிற ஸ்டிக்கர்.

அதற்காகச் சட்டம் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது எதிர்த்துத் தெருவில் நின்றவன் நான். 2004-இல் அது போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். போலீஸ் கையில் கொடுத்தால் நாளைக்கு மருந்து கொடுப்பவனையே பிடித்து உள்ளே போடுவார்கள். நான் கேட்பது கூச்சம். கொஞ்சம் கூச்சம் இருந்தால் போதும்.

---

அப்பாவி அல்லேலூயா | 30 டிசம்பர், காலை 9.31

உங்கள் ஆட்கள் எத்தனை பேர் சேற்றில் இறங்கினீர்கள், தோழர்?

---

கருஞ்சட்டை 64 | 30 டிசம்பர், காலை 10.02

நான்கு பேர். இரண்டு பம்ப்செட், ஒரு ஜெனரேட்டர். ஒரு தேவாலயத்து அறைக்குள் நின்ற தண்ணீரையும் சேர்த்துத்தான் இறைத்தோம். இறைத்து முடித்ததும் அங்கே நின்று பகுத்தறிவுப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை.

---

கம்பவுண்டர் மகன் | 30 டிசம்பர், மதியம் 1.50

மருத்துவன் என்ற முறையில் சில விஷயங்கள். ஜெபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

அந்தச் சிவந்த கண்காரர். உடனே அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "ரேஷன் கடைத் தெரு, நாற்பது வயசு, காய்ச்சல், கண் சிவப்பு" என்றால் அவர்கள் வீடு வீடாகப் போய்க் கண்டுபிடிப்பார்கள். எலிக் காய்ச்சலை முதல் நாட்களில் பிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே போய்விடும். விட்டால் ஈரல், சிறுநீரகம் என்று இழுத்துக்கொண்டு போகும். தண்ணீரில் நின்று ஒன்று இரண்டு வாரத்தில் வருகிற காய்ச்சலை "மழைக் காய்ச்சல்" என்று விட்டுவிடக் கூடாது. 2018-இல் கேரளாவில் வெள்ளம் வடிந்த கையோடு, எலிக் காய்ச்சல் வராமலிருக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை வாரத்துக்கு 200 மில்லிகிராம் என்று சேற்றில் இறங்கியவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அடுத்த முறை அதை மறக்காதீர்கள். கர்ப்பிணிக்கும் எட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கும் அது ஆகாது, டாக்டர் வேறு பார்த்துக் கொடுப்பார். சாப்பிட்டபின், நிறையத் தண்ணீரோடு. விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

அந்த ரோஸ் மாத்திரை. 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் ஓடுகிறது. அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பிபி, சுகர் மாத்திரை கொடுக்கும் பெண் ஒருவர் இருப்பார். யாருக்கு எந்த மாத்திரை என்று அவர் நோட்டில் இருக்கும், நோட்டு நனைந்திருந்தால் மனசில் இருக்கும். அவரை மேஜையில் உட்கார வைத்திருந்தால் பத்து நிமிஷம் பத்து நொடி ஆகியிருக்கும். வெளியூர் முகாம்காரர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது, எந்த மதமானாலும்.

இப்போது ஜெபம். "இந்த மகளுடைய சர்க்கரை வியாதியை" என்று அங்கிள் சத்தமாகச் சொன்னாரே, ஆச்சிக்குச் சர்க்கரை என்று அதுவரை ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? முப்பது பேர் முன்னால் ஒரு நோயாளியின் நோயை நான் அறிவித்தால் அது ஒழுக்கக்கேடு. கடவுளிடம் சொல்கிற சாக்கில் அறிவித்தாலும் அதேதான்.

---

மயிலை மாடி | 30 டிசம்பர், மாலை 4.15

இது யாரும் சொல்லாத கோணம். நான் சென்னை. 2015-இல் எங்கள் மாடிக்குப் படகில் வந்து பால் கொடுத்த பையன் கழுத்தில் சிலுவை, அவனோடு வந்தவன் தலையில் தொப்பி. இரண்டு பேரும் "தண்ணி வேணுமா மாமி" என்றுதான் கேட்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

---

காயல் காற்று | 30 டிசம்பர், இரவு 8.30

எங்கள் ஊரைச் சொன்னார்கள் என்பதால் வருகிறேன். எங்கள் தெருவே கடலோடு சேர்ந்துவிட்டது போல இருந்தது. பள்ளிவாசலில் சோறாக்கினோம். வந்தவர்கள் யார் என்று பார்க்கவில்லை.

ஒரு விஷயம் சொல்கிறேன். ஒரு அக்கா, நெற்றியில் குங்குமம், கைப்பிள்ளையோடு வந்தார். பிள்ளை ராத்திரி எல்லாம் திடுக்கிட்டு அழுகிறதாம். "தண்ணி ஓதித் தாங்க பாய்" என்றார். எங்கள் பெரியவர் ஓதிக் கொடுத்தார். அந்த அக்கா போனார். தமிழ்நாட்டில் இது புதுசா என்ன? தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போகாத இந்து வீடு எத்தனை? கேட்டு வந்தவருக்குக் கொடுக்கலாம், யாருக்கும் வலிக்காது. கேட்காதவர் தலையில் கை போனால்தான் வம்பு.

எங்கள் உம்மா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "தலையில கை வைக்கிறது தாய் தகப்பன் செய்ற காரியம், அன்னியர் கேட்டுட்டுத்தான் வைக்கணும்."

---

சேகரத்து ஐயர் | 31 டிசம்பர், காலை 5.20

இன்றைக்கு எனக்கு மூன்று ஆராதனை இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் போதகர். அங்கிளைப் போன்றவர்களை வளர்த்தவர்கள் நாங்கள்தான், அதனால் பழியில் எனக்கும் பங்கு உண்டு.

1994-இல் செஞ்சிலுவைச் சங்கமும் பெரிய நிவாரண அமைப்புகளும் சேர்ந்து ஒரு நடத்தை விதி எழுதின. உதவியை எந்த அரசியல் நிலைப்பாட்டுக்கும் மத நிலைப்பாட்டுக்கும் கருவியாக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. எழுதிய கூட்டத்தில் உலகத் திருச்சபை மன்றம், லூத்தரன் உலகக் கூட்டமைப்பு, கத்தோலிக்கரின் காரித்தாஸ் மூன்றும் இருந்தன. ஆக, வெளியார் வந்து நம் கையைக் கட்டினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது, நாமே கட்டிக்கொண்டதுதான். சபைக்குச் சபை இதை யாரும் வாசித்துக் காட்டவில்லை, அவ்வளவே.

தம்பி அல்லேலூயா ஒரு வசனம் சொன்னார். அதே வசனம் "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்றுதான் முடிகிறது. காசு வாங்காவிட்டால் இலவசம் என்று நினைக்கிறோம். பத்து நிமிஷம் பிரசங்கம் கேட்டால்தான் போர்வை என்றால் அதுவும் விலைதான்.

ஆனால் கருஞ்சட்டை ஐயாவோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். ஆத்துமாவுக்கான உதவி என்று ஒன்று வெள்ளத்தில் தேவைப்படுகிறது, மருந்தைப் போலவே. சென்ற வாரம் ஆத்தூர் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரரோடு உட்கார்ந்திருந்தேன். இந்து. கொடிக்கால் மொத்தமும் அழுகிப் போயிருந்தது. நாற்பது நிமிஷம் பேசினார். எந்த வரிசையில் அவர் அப்பா முதல் கொடி நட்டார், எந்த அகத்திக்கு எத்தனை வயசு என்று. நான் ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. எழுந்து வரும்போது "நாளைக்கும் வாங்க ஐயரே" என்றார். போனேன். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் உளவியல் முதலுதவி என்று ஒரு கையேடு போட்டது, அதைச் சேர்ந்து எழுதியவர்களில் வேர்ல்டு விஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பும் ஒன்று. பார், கேள், தேவையான இடத்தோடு இணைத்துவிடு என்பதுதான் அதன் சாரம். கதையைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதே என்றும் இருக்கிறது. நல்ல உபதேசியார்மார் இதை எந்தக் கையேடும் இல்லாமல் செய்தார்கள்.

---

மயிலை மாடி | 31 டிசம்பர், காலை 8.00

ஒரு சந்தேகம், போதகர் எப்படி ஐயர்?

பனங்காட்டு வாத்தியார் | 31 டிசம்பர், காலை 8.20

எங்கள் பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பூணூல் கிடையாது, வெள்ளை அங்கி. மேற்கொண்டு விளக்கம் வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், இதைத் திசை திருப்ப வேண்டாம்.

---

ஆத்தங்கரையான் | 1 ஜனவரி 2024, மாலை 6.45

பெயரெல்லாம் வேண்டாம், நான் அந்த ஊர்தான். அன்றைக்கு வரிசையில் பதினேழாவதோ பதினெட்டாவதோ ஆளாக நின்றேன்.

கத்தினவன் எனக்குப் பங்காளி. அவன் சாமி கும்பிடுகிறவனே இல்லை, திருவிழாவுக்கு வரி கேட்டால்கூட ஒளிந்துகொள்வான். அவனுக்கு ஏன் கோபம் என்றால், உங்களுக்கு இரண்டு நாள் முன்னால் வேறு ஒரு கூட்டம் வந்தது. எந்த ஊர், எந்தச் சபை என்று தெரியாது. மைக் கட்டி ஒரு மணி நேரம் பேசி, பாட்டுப் பாடி, அதற்கப்புறம்தான் போர்வை. பையைப் பிரித்தால் பிஸ்கட்டுக்கு அடியில் நான்கு கைப்பிரதி, வேதம் சொல்கிற துண்டுப் பிரசுரம். ஆச்சி வெயிலில் உட்கார முடியாமல் மயங்கிவிட்டது. அந்தக் கணக்கை அவன் உங்கள் மேல் தீர்த்தான். நீங்கள் வேறு, அவர்கள் வேறு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேருமே "பிரைஸ் த லார்ட்" என்றுதான் இறங்கினீர்கள்.

சிவந்த கண்காரர் என் சித்தப்பா. சனிக்கிழமை ராத்திரி நர்ஸம்மா வீடு தேடி வந்துவிட்டார்கள். யாரோ மதுரையிலிருந்து போன் செய்தார்கள் என்றார்கள், இங்கே படித்த பிறகுதான் யார் என்று புரிந்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஊசி போகிறது. நேற்று இட்லி கேட்டார்.

---

தேரிக்காட்டுப் பெண் | 2 ஜனவரி, இரவு 9.30

அண்ணாச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வார்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கம்பவுண்டர் மகன் சாருக்கும் நன்றி, நீங்கள் எழுதிய அரை மணி நேரத்தில் போன் செய்தேன்.

இன்னொரு கதை இருக்கிறது, சிரிப்பதா என்று தெரியவில்லை. 31 ராத்திரி ஆராதனையில் அங்கிள் சாட்சி சொன்னார். "ஒரு இந்துத் தாயார் தலையில் கை வைத்தேன், ஆவியானவர் தொட்டார், தாயார் கண்ணீர் விட்டு அழுதார்" என்று. சபையே தோத்திரம் சொன்னது. போட்டோ ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆச்சியின் முகம், என் கை, திறந்த புண். அதை எடுக்கச் சொன்னேன், குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கெங்கே போனதோ, அது இனி என் கையில் இல்லை.

நேற்று அந்த நர்ஸம்மா ஆச்சிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். "ஏன் ஆச்சி அன்னைக்கு அழுதீக?" என்றும் கேட்டேன். ஆச்சி சொன்னது: "நீ ஊத்துனியே நுரை நுரையா ஒரு தண்ணி, உசுரே போச்சு தாயி. அந்த மனுசன் என்னமோ பேசிக்கிட்டு நின்னாரு, எரிச்சல்ல எனக்கு எங்க காதுல விழுந்துச்சு?"

இதை அங்கிளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

---

அப்பாவி அல்லேலூயா | 2 ஜனவரி, இரவு 9.52

அக்கா, சொல்லாமல் விடாதீர்கள். நான் இன்னும் ஜெபம் தப்பு என்று நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சாட்சியைக் கேட்டிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன். அதுதான் உறுத்துகிறது.

---

கருஞ்சட்டை 64 | 2 ஜனவரி, இரவு 10.10

தம்பி, இந்த இழையில் உருப்படியாக ஒருவர் பேசியது இதுதான். ஜெனரேட்டர் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

---

தேரிக்காட்டுப் பெண் | 4 ஜனவரி, மதியம் 2.20

சொல்லிவிட்டேன். அங்கிள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "ஹைட்ரஜன் பெராக்சைடா?" என்றார். "ஆமா." "சரி, அடுத்த ஞாயிறு நானே எழுந்து சொல்லிடுறேன்." சொல்வாரா தெரியாது.

6-ஆம் தேதி சனிக்கிழமை மறுபடி போகிறோம். சுகாதார நிலையத்தில் சொல்லியாயிற்று, மாத்திரை நோட்டுக்கார அக்காவும் மேஜையில் இருப்பார். பேனர் கிடையாது, கைப்பிரதி கிடையாது, போட்டோ கிடையாது. யாராவது கேட்டால் ஜெபிக்க இரண்டு பேர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவார்கள், மருந்து வரிசையிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். அதில்கூட எங்களுக்குள் சண்டை. நாற்காலியே வேண்டாம் என்று ஒரு டாக்டர், நாற்காலி இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று இரண்டு பேர். கடைசியில் அந்த இரண்டு பேரில் ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

அங்கிளுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறோம், கிணற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்வது. கம்பவுண்டர் மகன் சார், எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்று கணக்குச் சொல்லுங்கள்.

---

கம்பவுண்டர் மகன் | 4 ஜனவரி, மாலை 5.05

தெளிந்த தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். விட்டம் மூன்று மீட்டர், தண்ணீர் ஆழம் நான்கு மீட்டர் உள்ள கிணறு என்றால் ஏறக்குறைய 28,000 லிட்டர், ஆக 70 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. வெள்ளம் புகுந்து கலங்கிய கிணற்றுக்கு இது பத்தாது, சுகாதார ஆய்வாளரைக் கூட வைத்துக்கொண்டு குளோரின் பார்த்துப் போடுங்கள். பவுடர் பழசாகி மணம் போயிருந்தால் போட்டும் பயனில்லை.

---

ஆத்தங்கரையான் | 5 ஜனவரி, காலை 7.10

எங்கள் தெருவில் ஒன்பது கிணறு. அங்கிளோடு நான் வருகிறேன். பங்காளியிடமும் சொன்னேன், கயிறும் வாளியும் கொண்டு வருகிறானாம். பேச மாட்டான், ஆனால் வருவான்.

சேற்றுப்புண் களிம்பு கூடுதலாக எடுத்து வாருங்கள், போன தடவை பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது. அப்புறம் ஆச்சி ஒன்று சொல்லச் சொன்னது: எரியாத மருந்தாகக் கொண்டு வரணுமாம்.